வாய் வராத இடத்தில் மாயம்

கஃபேயின் கண்ணாடித் தட்டியில் அன்றைய சாப்பாட்டுப் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறாள் ஒரு பணிப்பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவளே துப்பு மேல் துப்பு வைத்து வரவழைத்த இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். கையிலிருக்கும் போட்டோவைக் காட்டி, இது நீதானே என்று கேட்கிறான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் இல்லையென்று தலையை ஆட்டிவிடுகிறாள். அவன் எழுந்து போகும்போது, கூட வேலை செய்யும் பெண்ணை விட்டு அவன் சட்டைப்பையில் ஒரு சீட்டைப் போட வைக்கிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. அடுத்த நொடி அவள் உடம்பு தலைமுதல் கால்வரை தண்ணீராகி, சளாரென்று தரையில் கொட்டுகிறது. யாரும் அலறவில்லை, பின்னணியில் இடி இடிக்கவில்லை. அடுத்த காட்சிக்குப் படம் போய்விடுகிறது.

2001 ஏப்ரலில் பிரான்சில் வெளியான ‘அமேலி’ படத்தை நினைவில் வைத்திருக்கும் பலர் இந்தக் காட்சியைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். இயக்கியவர் ழான்-பியர் ழூனே. அவரும் கியோம் லொரானும் சேர்ந்து எழுதிய கதை. அமேலியாக நடித்தவர் ஓத்ரே தோத்தூ. கான் திரைப்பட விழா அந்த ஆண்டு இந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் பிரான்சில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். ஐந்து பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது ஒன்றும் கிடைக்கவில்லை. பிரான்சின் உயரிய திரை விருதான செசார் நான்கு வந்தது, சிறந்த படம் உட்பட. அன்றிலிருந்து இன்றுவரை இதைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் சொற்கள் சில உண்டு: இனிமை, குறும்பு, மனதை இலேசாக்கும் மாயாஜாலம். இந்தப் பாராட்டு படத்தைக் கொஞ்சம் தவறாகவே புரிந்துகொள்கிறது என்று எனக்குப் படுகிறது. இதில் வருகிற மாயம் அமேலிக்குக் கிடைத்த வரம் இல்லை. அது ஒரு நோயின் அறிகுறி. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வராத இடத்தில்தான் இந்தப் படத்தில் விந்தை நடக்கிறது. அந்த நோய் வளர்வதற்குத் தோதான வீடு, சந்து, சுவர் எல்லாவற்றையும் கொடுப்பது பாரிஸ் என்ற பழைய நகரம்.

முதலில் அவள் பிள்ளைப் பருவத்தைப் பார்ப்போம். அப்பா ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். மகளைத் தொட்டுத் தூக்கும் பழக்கம் இல்லாதவர். மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனைக்காக அவர் கை படும்போது, அந்த அபூர்வமான ஸ்பரிசத்தில் பிள்ளையின் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. அவர் அதை இதய நோய் என்று முடிவுகட்டி, பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறார். அம்மா, நோத்ர்தாம் தேவாலயத்தின் உச்சியிலிருந்து தற்கொலை செய்துகொள்ளக் குதித்த ஒரு பெண் தலைமேல் விழுந்து சாகிறாள். கொஞ்ச காலத்துக்கு முன்பு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், சாலை விபத்து ஒன்று நடந்த வேளையில், நீ கேமராவில் படம் பிடிப்பதால்தான் விபத்து நடக்கிறது என்று சிறுமியிடம் புளுகியிருந்தார். அவளும் நம்பிவிட்டாள். அமேலியின் வாழ்க்கையில் நுழைந்த முதல் ‘மாயசக்தி’ இதுதான். ஒரு பெரியவர் விளையாட்டாகச் சொன்ன பொய், ஒரு குழந்தை மனதில் குற்ற உணர்வாக உட்கார்ந்துகொண்டது. மேகங்கள் முயலாகவும் கரடியாகவும் தெரிவது இதே கேமராவில்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. விளையாடத் துணையில்லாத பிள்ளைக்கு மேகம் துணைக்கு வருகிறது.

வளர்ந்த பிறகும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. இரவில் அவள் தனியாகத் தூங்கும்போது சுவரில் மாட்டிய ஓவியத்து நாயும் வாத்தும், மேசைவிளக்கின் பன்றிப் பொம்மையும் அவளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. அந்த அறையில் பேச வேறு ஆளில்லை. அவள் விரும்பும் நீனோவும் அதே ரகம். பாஸ்போர்ட் படம் எடுக்கும் தானியங்கிக் கூண்டுகளுக்கடியில் ஜனங்கள் கிழித்துப்போட்ட படங்களைக் குனிந்து பொறுக்கி, ஒட்டவைத்து, ஆல்பம் செய்கிறவன். (மிஷேல் ஃபோல்கோ என்ற எழுத்தாளர் நிஜமாகவே இப்படிச் சேர்த்து வைத்திருந்தார், ழூனே அங்கிருந்துதான் இதை எடுத்தார்.) அவனோடும் போட்டோக்கள்தான் பேசுகின்றன, அதுவும் அவன் தனித்திருக்கும் ராத்திரியில். கஃபேயில் நாலு பேர் கூடி அரட்டையடிக்கும்போது ஒரு பொம்மைகூட வாய் திறப்பதில்லை.

இதற்கு மாறாக ஒரு காட்சி உண்டே என்று கேட்கலாம். தெருவைக் கடக்கத் தடுமாறும் பார்வையற்ற முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அமேலி விறுவிறுவென்று நடக்கிறாள். கசாப்புக் கடைப் பலகையில் குதிரைத் தலைக்கு ஒரு காது இல்லை, இங்கே முலாம்பழம் ருசி காட்டுகிறார்கள், அதோ ஒரு குழந்தை நாயைப் பார்க்கிறது, அந்த நாய் வறுத்த கோழிகளைப் பார்க்கிறது என்று மூச்சுவிடாமல் வர்ணித்து, மெட்ரோ படிக்கட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். முதியவர் உடம்பில் பொன்னொளி பரவுகிறது. இது தனிமையின் மாயம் இல்லையே, இன்னொருவருக்குக் கொடுத்த சந்தோஷம் அல்லவா? சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாரிடம் பேசுகிறாள் என்று பாருங்கள். படம் முழுக்க அமேலி இவ்வளவு சரளமாக, இவ்வளவு நேரம் ஒரே மூச்சில் பேசுவது, தன்னைப் பார்க்க முடியாத ஒரு மனிதரிடம். யாரம்மா நீ என்று அவர் கேட்பதற்குள் மாயமாகிவிடுகிறாள்.

நகரம் எப்படி இதற்குள் வருகிறது? அமேலி குடியிருப்பது பாரிஸின் வடக்கே மோன்மார்த் குன்றில். 1860 வரை அது பாரிஸுக்கு வெளியே இருந்த தனி ஊர். காற்றாலைகள் சுழன்ற மேடு. அவள் வேலை செய்யும் கஃபேயின் பெயரே இரண்டு காற்றாலைகளைக் குறிப்பது. லெபிக் தெருவில் இன்றும் இருக்கிறது. இங்குள்ள பழைய அடுக்குவீடுகள் நடுமுற்றத்தைச் சுற்றி எழும்பியவை. எதிர் ஜன்னலில் நடப்பதெல்லாம் தெரியும், எதிர் ஜன்னல்காரரைத் தெரியாது. கீழே வாசலருகே காவல்காரம்மா, அவளுக்கு எல்லார் கடிதமும் தெரியும். அருகருகே அடைந்து கிடந்தும் ஒருவரோடொருவர் பேசாமலே காலம் தள்ள வசதியான ஏற்பாடு. அமேலி ஒரு சின்ன டெலஸ்கோப்பை வைத்து முற்றத்துக்கு அப்பால் இருக்கும் துஃபாயெல் என்ற கிழவரைப் பார்க்கிறாள். அவருக்கு எலும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும் நோய். இருபது வருடமாக வீட்டைவிட்டு இறங்கவில்லை. அவரும் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பழைய ஊருக்கு இன்னொரு குணம் உண்டு. அது பொருட்களை ஒளித்துவைக்கும். 1997 ஆகஸ்ட் 31 அன்று இளவரசி டயானா இறந்த செய்தியை டிவியில் பார்த்து அமேலியின் கையிலிருந்த வாசனைத்திரவக் குப்பியின் மூடி நழுவுகிறது. உருண்டுபோய்க் குளியலறைச் சுவரடியில் முட்ட, ஓடு ஒன்று பெயர்கிறது. உள்ளே கையை விட்டால் தகர டப்பா. நாற்பது வருடத்துக்கு முன் அந்த வீட்டில் இருந்த பையன் ஒளித்துவைத்த பொம்மை சைக்கிள் வீரன், கோலிக்குண்டு, படங்கள். உலகமே டயானாவுக்காக அழுகிற நேரத்தில் இவளுக்கு ஒரு டப்பாதான் முக்கியமாகிறது. புதிதாய்க் கட்டிய குடியிருப்பில் இந்தக் கதை தொடங்கவே முடியாது. சுவருக்குள் ஒளித்துவைக்க அங்கே யாரும் இன்னும் வாழ்ந்து முடித்திருக்கவில்லை. டப்பாவுக்குச் சொந்தக்காரரான ப்ரெத்தோதோவைக் கண்டுபிடித்த பிறகும் அமேலி நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. தெருவோரத் தொலைபேசிக் கூண்டில் டப்பாவை வைத்து, அவர் கடந்துபோகும்போது மணியை ஒலிக்க விடுகிறாள். கூண்டு, நாணயம் போட்டுப் பார்க்கும் டெலஸ்கோப், ரயில் நிலைய போட்டோ இயந்திரம், வீடியோ டேப், பிறர் கையெழுத்தில் எழுதிய கடிதம் என்று முகம் காட்டாமல் ஒருவரைத் தொடுவதற்கு அந்த நகரம் எத்தனை கருவி கொடுக்குமோ அத்தனையையும் அவள் கையாள்கிறாள். 1997 என்ற வருடம் வேண்டுமென்றே வைத்ததுபோல இருக்கிறது. செல்போன் எல்லார் சட்டைப்பையிலும் ஏறியிருந்தால் இந்தக் கண்ணாமூச்சி பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இலக்கியம் படித்தவர்கள் இங்கே ஒரு ஆட்சேபணை வைப்பார்கள். மாய யதார்த்தம் என்ற சொல்லை 1925இல் ஃப்ரான்ஸ் ரோ ஜெர்மன் ஓவியங்களுக்காகப் பயன்படுத்தினார். பின்னால் லத்தீன் அமெரிக்க நாவல்கள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டன. கார்சியா மார்க்கேஸின் நாவல் ஊரான மகோந்தோவில் ஒரு பெண் படுக்கை விரிப்போடு வானத்தில் ஏறிப் போனால் வீட்டுப் பெண்கள் பார்க்கிறார்கள், ஊரில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். விந்தை அங்கே பொதுச்சொத்து. அமேலி தண்ணீராவதை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை, ஆகவே இது வெறும் மனக்காட்சி என்பது அவர்கள் வாதம். சரியான வாதம்தான். ஆனால் அது படத்தின் குறையைக் காட்டவில்லை, படம் எதைப் பற்றியது என்பதைக் காட்டுகிறது. மகோந்தோவில் எல்லாருக்கும் எல்லாரும் உறவு. பாரிஸ் அடுக்குவீட்டில் ஒவ்வொருவர் விந்தையும் அவரவர் சுவருக்குள் பூட்டியிருக்கிறது. சொல்கிற விதத்தில் மட்டும் ழூனே அந்த நாவலாசிரியர்களின் சீடர்தான். அமேலி கருவாகும் நேரத்தை 1973 செப்டம்பர் 3, மாலை 6 மணி 28 நிமிடம் 32 விநாடி என்று கதைசொல்லி அறிவிக்கிறார். அப்போது தெருவில் வந்து இறங்கும் ஈயின் இறக்கை நிமிடத்துக்கு 14,670 முறை அடிக்குமாம். கணக்குப்பிள்ளை பேரேடு வாசிப்பதுபோல இதையெல்லாம் சொன்ன பிறகு, ஒரு பெண் தண்ணீரானால் அதையும் பேரேட்டில் ஒரு வரியாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அடுத்த ஆட்சேபணை இதைவிடக் கூர்மையானது, பிரான்சில் பெரிய சண்டையாகவே வெடித்தது. 2001 மே 31 அன்று ‘லிபெராசியோன்’ நாளிதழில் விமர்சகர் செர்ஜ் காகான்ஸ்கி எழுதினார்: இந்தப் படத்தின் பாரிஸ் கழுவித் துடைத்த பாரிஸ், இன்றைய நகரத்தின் பல இன மக்களும் ஏழ்மையும் முரண்களும் இதில் இல்லை, தீவிர வலதுசாரித் தலைவர் லெ பென் தன் பிரச்சாரத்துக்கே இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மறு வருடம் லெ பென் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு வந்தபோது இந்தக் கட்டுரையைப் பலர் மறுபடி நினைத்துப் பார்த்திருப்பார்கள். காகான்ஸ்கி சொன்னதில் உண்மை நிறைய இருக்கிறது. தெருச்சுவர்க் கிறுக்கல்களை அழித்து, வண்டிகளை அப்புறப்படுத்தித்தான் படம் பிடித்தார்கள். ஒளிப்பதிவாளர் ப்ரூனோ டெல்போனெலின் காட்சிகள் பிறகு கணினியில் பச்சை, சிவப்பு, பொன்மஞ்சள் என்று வண்ணம் மாற்றப்பட்டன. பிரேசில் ஓவியர் ஜுவாரெஸ் மச்சாதோவின் ஓவிய வண்ணங்கள்தான் முன்மாதிரி. ழூனே அதற்கு முன் எடுத்த ‘டெலிகாட்டெசன்’ முதலான படங்கள் ஸ்டுடியோவுக்குள் பிறந்தவை. இந்த முறை தெருவுக்கு வந்தார், செட்டையும் கையோடு தூக்கிக்கொண்டு வந்தார். இதே குன்றின் கிழக்குச் சரிவை அடுத்து, நடந்துபோகும் தூரத்தில், வட ஆப்பிரிக்கர்களும் மேற்கு ஆப்பிரிக்கர்களும் நெருக்கமாக வாழும் கூத் தோர் பகுதி இருக்கிறது. படத்தில் அதன் வாடையே கிடையாது. மொராக்கோ வம்சாவளி நடிகர் ஜமேல் தெபூஸ் காய்கறிக் கடைப் பையனாக வருகிறார், பாத்திரத்தின் பெயர் லூசியன்.

படத்தின் பக்கம் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், இது தேவதைக்கதை, இதில் எதற்கு மக்கள்தொகைக் கணக்கு என்பது. அது நழுவல். தேவதைக்கதைக்கும் எந்த ஊரை எடுத்துக்கொள்வது என்ற தேர்வு உண்டு. நீனோவாக நடித்த மத்தியூ காசோவிட்ஸ்தான் 1995இல், பாரிஸ் புறநகரில் ஒரு யூத, ஒரு கறுப்பின, ஒரு அரபு இளைஞனைப் போலீஸ் கொடுமையின் நிழலில் பின்தொடரும் ‘லா ஏன்’ என்ற கறுப்பு-வெள்ளைப் படத்தை எடுத்தவர். அவரையே கதாநாயகனாக வைத்துக்கொண்டு, அந்த பாரிஸ் தெரியாது என்று ழூனே சொல்லிவிட முடியாது. என் பதில் வேறு. படம் அழுக்கை மறைக்கிறது என்றால், வீட்டை விட்டு இறங்காத ஒரு மனம் உலகத்தை எப்படித் துடைத்து வைத்துக்கொள்ளும் என்பதையும் அதே படம்தான் காட்டுகிறது. பொன்மஞ்சள் பாரிஸும் பேசும் பன்றிவிளக்கும் ஒரே மருந்துச்சீட்டில் எழுதியவை. நீனோ வேலை செய்வது ஆபாச வீடியோக் கடையில் என்பதையும், அந்தக் கடைக்குள் அமேலி சாவகாசமாக நிற்பதையும் காகான்ஸ்கி தரப்பு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆனாலும் இந்தப் பதில் பாதி தூரம்தான் போகும். கடைசியில் அமேலியின் அறைக்கதவு திறக்கிறது. பாரிஸைச் சுற்றிப் படம் போட்ட கதவு கடைசிவரை திறக்கவே இல்லை. அந்த அளவுக்குக் காகான்ஸ்கி ஜெயித்துவிட்டார்.

இன்னொரு புகார் அமேலியின் நடத்தை பற்றியது. பூட்டிய வீட்டுக்குள் கள்ளச்சாவியில் நுழைகிறாள். கடைப் பையனை அவமானப்படுத்தும் கடைக்காரர் கொலிஞோனின் அலாரத்தைத் திருகி விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிடுகிறாள், பற்பசை இருந்த இடத்தில் கால் களிம்பை வைக்கிறாள். காவல்காரம்மாவின் கணவன் வேறொருத்தியோடு ஓடிப்போய்ச் செத்தவன். அவன் பழைய கடிதங்களைத் திருடி, வெட்டி ஒட்டி, உன்னிடமே திரும்பி வருகிறேன் என்று அவன் எழுதியதாக ஒரு பொய்க் கடிதத்தை உண்டாக்குகிறாள். மோன் பிளாங் மலையில் விழுந்த விமானத்தின் தபால் பை பல வருடம் கழித்துக் கிடைத்ததாகப் பத்திரிகையில் வந்த செய்தி அவளுக்குக் கைகொடுக்கிறது. இந்தப் பகுதி இந்திய வாசகருக்கு வேறு மாதிரி உறைக்கும். 1950இல் மலபார் பிரின்சஸ், 1966இல் காஞ்சன்ஜங்கா என்று ஏர் இந்தியாவின் இரண்டு விமானங்கள் அந்த மலையில்தான் மோதின. இரண்டாவதில் விஞ்ஞானி ஹோமி பாபா இறந்தார். பனியாறு மெல்ல நகர்ந்து அவற்றின் சாமான்களை வருடங்கள் கழித்துக் கீழே கொண்டுவந்து தந்துகொண்டிருக்கிறது. 2012இல் ஒரு தூதரகத் தபால் பைகூடக் கிடைத்தது. படம் அந்த விமானங்களைப் பெயர் சொல்வதில்லை. ஆனால் நம்ப முடியாத அந்தப் பொய், நம்பக்கூடிய நிஜத்தின் மேல் நிற்கிறது.

இது நல்லெண்ணமா, அடுத்தவர் வாழ்க்கையில் கைவைக்கும் அகம்பாவமா? படம் இந்தக் கேள்வியைத் தானே கேட்டுக்கொள்கிறது என்பதே என் வாதம். கஃபேயில் சிகரெட் விற்கும் ஜோர்ஜெத்துக்கும், எப்போதும் பொறாமையில் புழுங்கும் வாடிக்கையாளர் ஜோசஃபுக்கும் அமேலி முடிச்சுப் போடுகிறாள். கொஞ்ச நாள் குளுகுளுவென்று இருக்கிறது. பிறகு அவன் பொறாமை ஜோர்ஜெத் பக்கம் திரும்பி, கஃபே பழையபடி நரகமாகிறது. துஃபாயெல் கிழவர் இன்னும் நேரடி. அவர் ரெனுவார் 1881இல் முடித்த படகுச் சவாரிக்காரர்களின் விருந்து ஓவியத்தை வருடத்துக்கு ஒன்றாகப் பார்த்து வரைகிறவர். எல்லா முகமும் பிடிபடுகிறது. நடுவில் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் குடிக்கும் பெண்ணின் பார்வை மட்டும் பிடிபடவில்லை. கூட்டத்தின் நடுவே இருக்கிறாள், ஆனால் கூட்டத்தில் இல்லை. அவரும் அமேலியும் அந்த ஓவியப் பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசிக்கொள்கிறார்கள். ஊரார் சிக்கலையெல்லாம் தீர்க்கிறாளே, இவள் சிக்கலை யார் தீர்ப்பது என்று கிழவர் கேட்கும்போது, அமேலிக்கு யாரைக் கேட்கிறார் என்று தெரியும். படர்க்கையில்தான் அவளால் தன்னைப் பற்றிப் பேச முடிகிறது. படத்திலேயே மிக நன்றாக எழுதப்பட்டவை இந்தக் காட்சிகள். அவள் தண்ணீராவது இதற்குப் பிறகுதான்.

இனி கடைசிக் கதவு. அமேலி அடுப்படியில் கேக்குக்கு மாவு பிசைகிறாள். ஈஸ்ட் தீர்ந்திருக்கிறது. நீனோ கடைக்கு ஓடி வாங்கிக்கொண்டு திரும்புவதாகவும், பின்னால் மணித்திரையை விலக்கிக்கொண்டு வருவதாகவும் நினைத்துப் பார்க்கிறாள். திரை அசைகிறது. திரும்பிப் பார்த்தால் பூனை. அந்த நேரத்தில் வாசல் மணி அடிக்கிறது, நிஜ நீனோ வெளியே நிற்கிறான். கதவின் இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள், திறக்கவில்லை. திரும்ப வருகிறேன் என்று அவன் ஒரு சீட்டைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போகிறான். தொலைபேசியில் துஃபாயெல், அறைக்குள் போய் வீடியோவைப் பார் என்கிறார். உன் எலும்பு கண்ணாடியில்லை, அடிபட்டாலும் தாங்கும், போ என்று டேப்பில் கிழவர் முகம் சொல்கிறது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் அவன் திரும்பி வந்து நிற்கிறான். அவன் பேச வாயெடுக்க, விரலை வைத்துத் தடுக்கிறாள். அவன் உதட்டோரத்தில் ஒரு முத்தம், கழுத்தில் ஒன்று, இமையில் ஒன்று. பிறகு தன் உதட்டோரத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். அவன் அதே வரிசையில் திருப்பித் தருகிறான். இரண்டு மணி நேரம் தந்திரக் காட்சிகளைக் கொட்டிய இயக்குநர், காதல் கைகூடும் இந்த இடத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஒளிரும் நெஞ்சு இல்லை, உருகும் உடம்பு இல்லை, மேசைவிளக்குப் பன்றிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மங்கலான வெளிச்சத்தில் இரண்டு முகங்கள்.

பாரிஸில் சினிமா எடுத்தவர்கள் நகரத்தோடு வேறுவேறு விதமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மார்செல் கார்னே 1938இல் ‘ஓதெல் து நோர்’ படத்துக்காக, அமேலி கல்லெறிந்து விளையாடும் அதே சென்-மார்த்தன் கால்வாய்க் கரையை ஸ்டுடியோவில் கட்டினார். அல்பேர் லாமொரீஸ் 1956இல் ‘சிவப்புப் பலூன்’ படத்தைப் பெல்வில், மேனில்மோந்தான் சந்துகளில் எடுத்தார். அந்தச் சந்துகளில் பல பிறகு இடித்துத் தள்ளப்பட்டன. அவை இருந்ததற்குப் படமே சாட்சி. மோன்மார்த்தில் நடந்தது நேர் எதிர். இடம் அப்படியே இருக்கிறது, படத்தைப் போல ஆகிக்கொண்டிருக்கிறது. லெபிக் தெருக் கஃபேயில் அமேலியின் படம் மாட்டியிருக்கிறது, சுற்றுலாக்காரர்கள் கரண்டியால் க்ரேம் ப்ரூலேயின் சர்க்கரை மேல்தட்டை அவளைப் போலவே உடைத்துப் பார்க்கிறார்கள். ஜோர்ஜெத் உட்கார்ந்து சிகரெட் விற்ற கவுண்டரைத் தேடுகிறவர்களுக்கு மட்டும் ஏமாற்றம். அந்த வட்டாரத்து ஜனங்கள் தினமும் வந்துபோக உண்மையான காரணமாக இருந்த அந்த ஒரு மூலையை, படம் வந்த பிறகு எடுத்துவிட்டு அங்கேயும் மேசை போட்டிருக்கிறார்கள்.